உங்க ஊட்டு ஃபேன் இங்கதான் சுத்துது

கும்மிடிப்பூண்டி போகும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் எண்ணூருக்கு முந்தின ஸ்டேஷன் கத்திவாக்கம். என் சித்தி வீடு அங்கேதான். சின்ன வயதில் லீவு விட்டால் பெரம்பூரிலிருந்து அம்மா எங்களை அங்கே கூட்டிப்போவாள். விம்கோ நகர் தாண்டியதும் ஜன்னல் வழியாக உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட சின்ன வீடு. காலையில் வாசற்படியில் உட்கார்ந்து பல் தேய்க்கும்போது தென்னை மரத்துக்கு மேலே புகைக்கூண்டு தெரியும். அதன் வாயிலிருந்து புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டே இருக்கும். நான் பார்த்தவரை அது நின்றதே இல்லை.

எனக்கு எட்டு வயது இருக்கும். "அங்க என்ன சித்தி, இவ்ளோ நேரமா சமைக்கிறாங்க?" என்று கேட்டேன். சித்தி துணி அலசிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "உங்க ஊட்டு ஃபேன் இங்கதான் சுத்துது பாப்பா."

முப்பத்தைந்து வருடம் கழித்து அந்த வார்த்தை எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. 2023ல் பெருநகர சென்னை மாநகராட்சி ஒரு காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2050க்குள் சென்னை நிகர பூஜ்ய உமிழ்வை எட்ட வேண்டும் என்பது அதன் இலக்கு. அதாவது, ஊர் வெளியே விடுகிற பசுமை இல்ல வாயுவும், திரும்ப உறிஞ்சிக்கொள்கிற அளவும் கணக்கில் நேராக வேண்டும். அதற்கு முதல் வேலையாக, இப்போது எவ்வளவு விடுகிறோம் என்று எண்ணிப் பார்த்திருந்தார்கள். 2018-19ல் ஏறத்தாழ 1 கோடியே 44 லட்சம் டன். ஆளுக்கு வருடத்துக்கு 1.9 டன்.

நான் தேடிப் பார்த்தது அடுத்த கணக்கை. அதில் பஸ், கார், ஆட்டோ, டூவீலர் எல்லாம் சேர்ந்த போக்குவரத்தின் பங்கு பாதிக்கு மேல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தினமும் சிக்னலில் நின்று புகை குடிப்பவள் வேறு எப்படி நினைப்பேன்? ஆனால் போக்குவரத்து 16 சதவீதம்தான். குப்பையும் கழிவுநீரும் 13. மிச்சம் 71 சதவீதம் கட்டடங்களும் தொழில்களும் பயன்படுத்துகிற மின்சாரமும் எரிபொருளும். மின்சாரம் ஊருக்கு வெளியே தயாரானாலும், அதை யார் பயன்படுத்துகிறார்களோ அவர்கள் கணக்கில்தான் அந்தப் புகை சேரும். உலகம் முழுக்க நகரங்கள் இப்படித்தான் கணக்கு வைக்கின்றன. சித்தி அதைத்தான் துணி அலசிக்கொண்டே எனக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தப் புகைக்கூண்டு எண்ணூர் அனல்மின் நிலையத்துடையது.

நம் தெருவில் தெரிகிற புகை கொஞ்சம். நம் வீட்டு சுவிட்சில் தொடங்கி வேறு யாருடைய வாசலிலோ வெளியே வருகிற புகைதான் நிறைய. ஒரு நகரம் தன் உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்றால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணூரிலிருந்து வீடு வரைக்கும் நடந்து வர வேண்டும். நான் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யூனிட். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. நிலக்கரியின் பங்கு அவ்வளவு பெரியது. நம் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. அதில் யூனிட் என்று போட்டிருக்கிற எண்ணை 0.7ஆல் பெருக்கினால் நம் பங்குப் புகை எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் மார்கழி, தை மாதங்களுக்கு 400 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். சித்திரை, வைகாசிக்கு 1,140 வந்தது. அம்மா, நான், என் மகன், மூன்றே பேர். சமையல் கேஸில். டிவியும் ஃப்ரிட்ஜும் இரண்டு காலத்துக்கும் பொது. வித்தியாசம் எல்லாம் ஏசி.

எங்கள் கட்டடம் மூன்று மாடி, ஆறு வீடு. நாங்கள் மேல் தளம். மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு நாற்காலி போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இட்லிப் பாத்திரத்து மூடியைத் தொட்டதுபோல இருக்கும். காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வீட்டுக்குள் கக்குகிறது. ஏசி பாதி நேரம் தலைக்கு மேலே இருக்கிற அந்தக் காங்கிரீட்டோடுதான் மல்லுக்கட்டுகிறது.

புரசைவாக்கத்தில் தாத்தா வீடு இப்படி இருக்கவில்லை. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்கள். தேக்கு உத்தரம், அதன்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியில் தட்டோடு பதித்த தளம். கனமான தளம், உயரமான கூரை, நடுவில் முற்றம். மே மாதத்திலும் தாத்தா மதியம் வெறும் தரையில் துண்டை விரித்துத் தூங்குவார். இப்போது ஒரு கிரவுண்டில் ஆறு வீடு கட்டுகிற ஊரில் யாரும் முற்றம் விடப்போவதில்லை. ஆனால் கூரையை வெயிலுக்குத் தகுந்தபடி போட வேண்டும் என்ற அறிவு இந்த ஊர்க் கொத்தனார்களுக்கு இருந்தது. அதை ஏன் விட்டோம் என்றுதான் எனக்கு ஆற்றாமை.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வெள்ளை டைல் ஒட்டலாம்மா, ரொம்ப நாள் உழைக்கும். செலவு ஜாஸ்தி. இல்லைன்னா கூல் ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சுடலாம். ஆனா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப அடிக்கணும். தூசி படிஞ்சா கழுவி விடணும்" என்றார். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கறுத்துப்போன சிமென்ட் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். வெயிலில் கறுப்புக் குடையும் வெள்ளைக் குடையும் பிடித்தவர்களுக்கு இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

சங்கக் கூட்டத்தில் பேச்சு எடுத்தபோது கீழ்த்தளத்து மாமா, "மாடிக்கு வெள்ளை அடிச்சா எனக்கு என்னம்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் மேல் தளத்து இரண்டு வீடும் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டோம், மீதியை மற்ற நான்கு வீடும் பகிர்ந்துகொண்டார்கள். பங்குனிக் கடைசியில் வேலை முடிந்தது. முதல் நாள் காலை மாடிக்குப் போனால் கண் கூசியது. அம்மா வடாம் பிழியப் போய்விட்டு, செருப்பில்லாமல் பதினொரு மணிக்கு நிற்க முடிகிறது என்று ஆச்சரியப்பட்டாள்.

அந்த சித்திரை, வைகாசிக்கு 890 யூனிட். 250 யூனிட் குறைந்தது. எல்லாம் பெயிண்டின் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன். ஏசியை 22ல் வைக்கிற பழக்கத்தை விட்டு 26ல் வைத்து, கூடவே ஃபேனை ஓட விட்டோம். ஒரு டிகிரி கூட்டினால் மின்சாரம் 6 சதவீதம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்ற விதியும் அதனால்தான் வந்தது. இரண்டும் சேர்ந்து எங்கள் ஒரு வீட்டில், ஒரு கோடையில், 175 கிலோ கரியமில வாயு.

இந்த 250 யூனிட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. காற்றாலையில் நாட்டின் முன்னணி மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆரல்வாய்மொழி கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்போது மின்சாரம் கொட்டும். பகலில் சூரிய மின்சாரமும் நிறைய. ஆனால் சென்னையில் ஏசி உச்சத்தில் ஓடுவது சித்திரை, வைகாசி ராத்திரியில். அப்போது சூரியன் போயிருக்கும், தென்மேற்குக் காற்று இன்னும் முழுசாக வந்திருக்காது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி நாட்களில் ராத்திரி நாம் கூடுதலாகச் செலவழிக்கிற யூனிட் அநேகமாக நிலக்கரி யூனிட்தான். அதனால் கோடை ராத்திரியில் மிச்சம் பிடிக்கிற ஒரு யூனிட்டை, ஆடி மாதத்தில் மிச்சம் பிடிக்கிற ஒரு யூனிட்டோடு சேர்த்து எண்ணக் கூடாது. முதலாவது நேராக எண்ணூர் அடுப்பில் கைவைக்கிறது.

மாடியில் சோலார் போடலாமே என்று கேட்பீர்கள். தனி வீடு வைத்திருப்பவர்கள் கட்டாயம் போட வேண்டும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போதும், நாளைக்கு நான்கு யூனிட் வரும். மத்திய அரசு 2024ல் கொண்டுவந்த திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. எங்களைப் போன்ற ஆறு வீட்டுக் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி, டிஷ், துணிக்கொடி போக மிஞ்சுகிற இடத்தில் பொதுமோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் போதுமான அளவு போடலாம். அதற்கான பேச்சு இப்போது நடக்கிறது. மாமா இந்த முறை எங்கள் பக்கம்.

சரி, ஆறு வீடு செய்து என்ன ஆகும்? சென்னையில் எத்தனை லட்சம் கூரை? இங்கேதான் எனக்கு 2003 ஞாபகம் வருகிறது. அந்த வருடம் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் போட்டது. செய்யாவிட்டால் தண்ணீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள். கெடு வைத்தார்கள். ஊர் முழுக்க பிளம்பருக்குக் கிராக்கி, தெருவுக்குத் தெரு பி.வி.சி பைப் வண்டி. எங்கள் தெருவில் அப்படி ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே வேலை நடந்ததை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. பேருக்குப் பைப் மாட்டியவர்களும் உண்டுதான். ஆனாலும் அடுத்தடுத்த மழைகளில் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. மழைக்கு அப்படி ஒரு சட்டம் போட முடிந்த ஊரில் வெயிலுக்கு ஏன் போடக் கூடாது? புதிதாகக் கட்டுகிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் கூரை வெள்ளையாகவோ, சோலாரோடோ, செடியோடோ இருந்தால்தான் நிறைவுச் சான்றிதழ் என்று சொல்லலாம். மாநகராட்சிப் பள்ளிகளின் மாடிகளில் நாளைக்கே தொடங்கலாம். மின் உற்பத்தி மாநகராட்சி கையில் இல்லை. ஆனால் கட்டட அனுமதி அதன் கையில் இருக்கிறது. 71 சதவீதத்தின் சாவி அந்த அனுமதிக் கோப்பில்தான் கிடக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் பஸ். 16 சதவீதம்தானே என்று விட்டுவிட முடியாது. பெட்ரோல் புகையை நாம் மூக்கால் நேராக வாங்குகிறோம், ஊர் பெருகப் பெருக அந்தப் பங்கு ஏறிக்கொண்டும் போகும்.

நான் பெரம்பூரில் 29சி ஏறி அடையாறில் இறங்குகிறவள். பெசன்ட் நகர் வரை போகிற வண்டி. 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அதற்கு முன்னால் எங்கள் பகுதியில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் இரண்டு ஸ்டாப் தூரத்தை நடந்தே போவார்கள், அல்லது ஐந்து பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோ. இப்போது ஏறிக்கொள்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஒருத்தி, மிச்சமாகிற காசில் பேத்திக்கு டியூஷன் ஃபீஸ் கட்டுவதாகச் சொன்னாள்.

ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு. நகர பஸ் ஒரு லிட்டருக்கு நான்கு, நாலரை கிலோமீட்டர் போகும் என்று வையுங்கள். கிலோமீட்டருக்குச் சுமார் 600 கிராம். ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு 12 கிராம். பக்கத்தில் ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற பெட்ரோல் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் அவருக்கு 190 கிராம். பழைய டீசல் பஸ்ஸானாலும் நிறைய பேர் ஏறிவிட்டால் அதை விட மலிவான பசுமைத் திட்டம் கிடையாது.

ஆனால் பஸ் வர வேண்டுமே. மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் வண்டி. இவ்வளவு பரந்த ஊருக்கு அது போதாது என்று மாலை ஆறு மணிக்கு அடையாறு ஸ்டாப்பில் நிற்கிற யாரும் சொல்வார்கள். இருபது நிமிடம் நின்று பார்த்துவிட்டு ஒருவர் டூவீலருக்கு லோன் போட முடிவு செய்தால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இருபது நிமிடத்தைப் பத்து நிமிடமாக்குவதுதான் நகரம் செய்ய வேண்டிய வேலை. 2025 ஜூன் கடைசியில் எங்கள் பக்கத்து வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்களைத் தொடங்கி வைத்தார்கள். தாழ்தளம், சத்தமே இல்லை. முழங்கால் வலிக்காரியான என் அம்மா முதல் தடவையாக யார் கையையும் பிடிக்காமல் ஒரு பஸ்ஸில் ஏறினாள். மின்சார பஸ்ஸும் நிலக்கரி மின்சாரத்தில்தானே ஓடுகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் காற்றாலையும் சோலாரும் கூடக் கூட அதே பஸ் தானாகச் சுத்தமாகிக்கொண்டே வரும். டீசல் பஸ்ஸுக்கு அந்த வழி இல்லை.

மின்சாரத்தில் பயணம் செய்வது இந்த ஊருக்குப் புதிதும் கிடையாது. 1895லேயே மெட்ராஸில் மின்சார ட்ராம் ஓடியது, இந்தியாவிலேயே முதல். 1931ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில். ட்ராமை 1953ல் நிறுத்திவிட்டார்கள். தாத்தா அதில் போனதைக் கதை கதையாகச் சொல்வார். இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காகத் தெருத் தெருவாகத் தோண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் பாதை போடுகிறோம். போடட்டும், வேண்டும்தான். ஆனால் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து போக நடைபாதை வேண்டும். 2014லேயே மாநகராட்சி ஒரு கொள்கை வகுத்து, போக்குவரத்து நிதியில் பெரும்பங்கை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒதுக்குவோம் என்றது. 2019ல் பாண்டிபஜாரில் அகலமான நடைபாதை வந்தது. சாயங்காலம் அங்கே போய்ப் பாருங்கள், தாத்தாக்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன. அது தி.நகருக்கு மட்டும் ஏன்? பெரம்பூரிலும் தாத்தாக்கள் இருக்கிறார்கள்.

குப்பையைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கொடுங்கையூர் எங்கள் வீட்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை. முந்நூறு ஏக்கருக்கு மேலே குப்பை மலை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் ஜன்னலைச் சாத்திவிடுவோம். தெற்கே பெருங்குடியில் இன்னொன்று, அது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. அந்தச் சதுப்புநிலம் 2022ல் ராம்சர் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் பெற்றது. அதே வருடம் ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பை நாட்கணக்கில் எரிந்தது.

நம் குப்பையில் பெரும்பகுதி ஈரக்குப்பை. காய்கறித் தோல், சோறு, வாழையிலை, பூ. அதை மண்ணும் காற்றும் படும்படி போட்டால் எருவாகும். பிளாஸ்டிக் பையில் கட்டி மலைபோலக் குவித்தால், காற்றுப் புகாத அடியில் அழுகி மீத்தேன் ஆகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தாலே மீத்தேன் கரியமில வாயுவை விட இருபத்தைந்து மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும். குப்பை மேடு அடிக்கடி தீப்பிடிப்பதற்கும் அதே வாயு ஒரு காரணம். என் வீட்டு முருங்கைக்கீரைக் காம்பு எருவாவதும் எரிவாயுவாவதும் ஒரு பிளாஸ்டிக் முடிச்சைப் பொறுத்தது.

எங்கள் தெருவுக்கு வருகிற தூய்மைப் பணியாளர் அக்காவிடம் ஒரு நாள் குப்பையைக் கலந்து கொடுத்துவிட்டேன். அவசரம். அவர் திட்டவில்லை. பையைப் பிரித்து, கையுறை இல்லாத கையால் பால் கவரைத் தனியாக எடுத்தார். "நீங்க பிரிச்சுக் குடுத்தா உங்க கைல சோறு ஒட்டும். பிரிக்கலைன்னா என் கைல பிளேடு கிழிக்கும்மா" என்று விரலைக் காட்டினார். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் கலப்பதில்லை. ஈரக்குப்பை மொட்டை மாடியில் மூன்று மண்தொட்டிகளுக்குப் போகிறது. தேங்காய் நார்த்தூள் ஒரு பிடி, புளித்த மோர் கொஞ்சம். நாற்றம் வந்தால் நார்த்தூள் போதவில்லை என்று அர்த்தம். ஐம்பது, அறுபது நாளில் மழை பெய்த மண் வாசனையோடு எரு தயார்.

ஆனால் இதை வீட்டுக்காரர்கள் நல்லவர்களாக இருந்து மட்டும் சாதிக்க முடியாது. கோயம்பேடு மாதிரி ஒரு மார்க்கெட், கல்யாண மண்டபங்கள், ஹோட்டல்கள் தள்ளுகிற ஈரக்குப்பைக்கு நகரம்தான் வழி செய்ய வேண்டும். அந்தந்தப் பகுதியிலேயே எருக்கூடம், சாண எரிவாயு போலக் குப்பையிலிருந்து எரிவாயு. சென்னைக் குடிநீர் வாரியம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வருகிற வாயுவை எரித்து மின்சாரம் எடுத்து அந்த நிலையங்களையே பல வருடமாக ஓட்டிவருகிறது. கழிவுநீரில் முடிந்தது குப்பையில் முடியாதா?

முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதனால்தான் கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிற ஆலை வரப்போகிறது என்றபோது மனசு கேட்கவில்லை. ஈரமான குப்பை நன்றாக எரியாது. அதில் நன்றாக எரிவது பிளாஸ்டிக், அது பெட்ரோலியத்திலிருந்து வந்த பொருள். அதை எரிப்பது இன்னொரு விதத்தில் எண்ணெயை எரிப்பதுதான். 2025 மே மாதம் வடசென்னை மக்கள் அதை எதிர்த்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அனல்மின் நிலையங்கள், சாம்பல் கலந்த கொசஸ்தலை ஆறு, குப்பைமேடு என்று ஊரின் புகையை எல்லாம் வாங்கிக்கொண்ட மக்கள் அவர்கள். ஒரு நகரத்தின் உமிழ்வுக் கணக்கை டன்னில் மட்டும் போட்டால் போதாது, அது யார் வாசலில் இறங்குகிறது என்றும் எழுத வேண்டும்.

தண்ணீரும் மின்சாரம்தான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. 2019 கோடையில் நான்கு ஏரியும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த பயத்தில் கடல்நீரைக் குடிநீராக்குகிற நிலையங்களை மேலும் மேலும் கட்டுகிறோம். மீஞ்சூர், நெம்மேலி, அடுத்து பேரூர். கடல்நீரில் ஆயிரம் லிட்டரைக் குடிநீராக்க மூன்றிலிருந்து நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். நாளைக்கு 10 கோடி லிட்டர் எடுக்கிற ஒரு நிலையத்துக்கு மூன்றரை லட்சம் யூனிட். அதை 0.7ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு 245 டன். புழல் ஏரியும் செம்பரம்பாக்கமும் மழையை இலவசமாகப் பிடித்து வைக்கின்றன. ஏரியைத் தூர் வாருவதையும், ஆக்கிரமிப்பை எடுப்பதையும், சதுப்புநிலத்தில் மண் கொட்டாமல் காப்பதையும் வெள்ளத் தடுப்பு என்ற தலைப்பில் மட்டும் பேசுகிறோம். காலநிலைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டிய வேலை அது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்தம் செய்து நாளைக்கு ஒன்பது கோடி லிட்டரைத் தொழிற்சாலைகளுக்குத் தரும் அளவுக்கு நிலையங்கள் கட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி வேலைகளுக்கு யாரும் கைதட்டுவதில்லை. நான் தட்டுகிறேன்.

போன பங்குனியில் அம்மாவோடு கத்திவாக்கம் போயிருந்தேன். நான் சின்ன வயதில் பார்த்த எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல் தொடங்கியது, 2017ல் மூடிவிட்டார்கள். அதற்குள் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அதைவிடப் பெரிய நிலையங்கள் வந்துவிட்டன. 2024ல் 800 மெகாவாட் அலகு ஒன்றையும் சேர்த்தார்கள். சித்திக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. அதே ஷீட் வீடு. ஏசி கிடையாது. ஒரு டேபிள் ஃபேன், அதுவும் மதியத்தில் சுடுகாற்றைத்தான் தள்ளுகிறது. சித்தப்பா போனபிறகு பகலெல்லாம் எதிர்வீட்டு வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கள் மாடி விஷயத்தை அம்மா போனிலேயே சொல்லியிருக்கிறாள். நான் உள்ளே நுழைந்ததும் சித்தி கேட்டாள். "மாடிக்கு ஏதோ வெள்ள அடிச்சியாமே பாப்பா. ஏசிக்காரங்களுக்கு மட்டும்தான் அது வேல செய்யுமா, ஷீட்டுக்கும் செய்யுமா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. முதலில் இந்த வீட்டுக்குத்தான் அடித்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருந்த ஒரு வாளி பெயிண்டோடு மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஷீட் மேல் காலை வைக்கக் கூடாது, உடைந்துவிடும். இரண்டு பக்கமும் ஏணி சாத்தி, நீளக் கம்பில் ரோலரைக் கட்டி, அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சித்தி ஏணியை விடவே இல்லை. இரண்டாவது கோட் காய்வதற்குள் உச்சி வெயில் ஏறிவிட்டது. சித்தி உள்ளே போய், கட்டில்மேல் ஏறி நின்று, ஷீட்டின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். கையை எடுக்காமலே எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய், இங்க வந்து தொட்டுப் பாருங்கடி!"